வையாபுரி வீட்டுப் பதினாறாம் நாள் லிஸ்ட்

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முப்பத்தைந்து வருஷம் சமைத்தவன் நான். வில்லியனூர் சந்தைப் பக்கம் சமையல்காரத் தண்டபாணி என்றால் தெரியும். இப்போது கரண்டி பிடிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து சாம்பார்ப் பக்குவம் கேட்கிறார்கள். சாம்பார்ப் பக்குவம் எந்தக் கழுதைக்கும் வரும். நான் சொல்லப்போவது வேறு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனுக்குக் கருமாதி லிஸ்ட் எழுதப் போய் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

1. அச்சாரம்

கரிக்கலாம்பாக்கத்தில் வையாபுரி என்று ஒரு பெரிய நிலக்காரர். நெல்லும் கரும்புமாக நாற்பது காணி. அவருடைய மூத்த மகன் நடராசன் ஒரு தை மாசத்துக் காலையில் வில்வண்டி அனுப்பி என்னைக் கூப்பிட்டான். கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தையும் முன்னால் வைத்தான்.

"நானூறு இலைக்கு லிஸ்டு போடு தண்டபாணி."

"இன்னா விசேஷம் தம்பி?"

"அப்பா காரியந்தான்."

நான் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கென்று ஒரு முகம் இருக்கிறதே, அதையும் வைத்துக்கொண்டு, "எப்போ தவறினாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. இஸ்துக்கினு கீறாரு. பத்து நாளு தாங்காதுன்னு வைத்தியர் சொல்ட்டாரு. மாசி பூரா முகூர்த்தம். அப்பறம் நீ கெடைக்க மாட்ட."

நியாயமாக அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. மார்கழி முழுக்க வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன், நானூறு இலை என்றதும் மானம் மரியாதை எல்லாம் மறந்துபோயிற்று. பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்தில் பதினைந்தாம் நாள் சாயங்காலம் படையல், பதினாறாம் நாள் பகலில் ஊர்ச் சாப்பாடு. படையல் இலையில் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இருக்க வேண்டும். அதனால் சமையல்காரன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அப்பாவுக்கு இன்னா புடிக்கும்?" என்றேன்.

நடராசன் தன் தம்பியைப் பார்த்தான். தம்பி மோட்டுவளையைப் பார்த்தான். கடைசியில், "கஞ்சி" என்றான்.

"படையலுக்குக் கஞ்சி வெச்சா ஊரு சிரிக்கும் தம்பி."

"அப்ப நீயே நாலு நல்லதா எழுதிக்க."

எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். பின்னால் சண்டை வரக்கூடாது பாருங்கள். "ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், வஞ்சிரம் வறுத்தது, முட்டை, மசால்வடை, அதிரசம், சாராயம், சுருட்டு" என்று படித்துக்கொண்டே போனேன். உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யார்ரா அது, ஈரல்னு சொன்னது?"

2. இருபத்திரண்டு வருஷக் கஞ்சி

உள்ளே போவதற்கு முன் அந்த மனுஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நாற்பது வயசாக இருக்கும்போது அவருடைய அண்ணன் ஒரு கல்யாணப் பந்தியில் இலைமேலேயே சாய்ந்து செத்துப்போனார். அன்றைக்குப் பிடித்தது சாவுப் பயம். அடுத்த மாசமே வயிற்று வலி என்று பட்டணத்துக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "கொஞ்ச நாளைக்குக் காரமும் எண்ணெயும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கொஞ்ச நாளை இவர் இருபத்திரண்டு வருஷம் ஆக்கினார். சொன்ன டாக்டர் நாலாம் வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் கஞ்சியை விடவில்லை.

தேருக்கு வில்லியனூர் வர மாட்டார், கூட்டத்தில் நசுங்கிவிடுவாராம். மழைத்தூறல் தலையில் படக்கூடாது. பேரனுக்குக் காது குத்தினால்கூடப் பந்தியில் உட்கார மாட்டார். அவருடைய ஆலையில் வெல்லம் காய்ச்சினால் ஊரே மணக்கும். ஒரு விரல் பாகு தொட்டு நக்கியதில்லை. ஊர் அவரைக் கட்டுப்பாடான மனுஷன் என்று சொல்லிற்று. நான் சொன்னது அச்சில் ஏறாது. சாகாமல் இருப்பதையே ஒரு உத்தியோகமாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

உள்ளே போனேன். கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கால்மாட்டில் அவர் மனைவி குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா படிச்ச? மறுபடி படி" என்றார்.

நடராசன் பின்னாலேயே ஓடிவந்து, "அது வேற ஒருத்தர் வூட்டுக் கல்யாணத்துக்குப்பா" என்றான்.

"கல்யாணத்துக்கு எவன்டா சுருட்டு எழுதுவான்? என் கருமாதிக்குத்தான? நீ படி தண்டபாணி."

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இத்தினியும் என் இலைக்கா?"

"ஆமாங்க."

"நான் செத்தப்பறம்?"

"ஆமாங்க."

"அப்ப யாரு துன்றது?"

"படைச்சிட்டு சொந்தக்காரங்க எடுத்துக்குவாங்க" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு வந்ததும், "எனக்கு இன்னிக்கே ஒரு இலை போடு" என்றார்.

நடராசன் என் கையைப் பிடித்து இழுத்தான். "சொட்டு எண்ணெ கூடாதுன்னு வைத்தியர் சொல்லிக்கீறாரு. கறிய போட்டு அப்பன கொன்னுட்டான்னு ஊரு என்னத்தான் கேக்கும். போலீசு கொமிசேரு வரிக்கும் போவும். நீ கெளம்பு." செத்தபிறகு நானூறு இலை போடத் தயார். உயிரோடு இருக்கும்போது ஒரு இலை போட மனசு வரவில்லை. தூ.

அவனைத் திட்டுகிற நான் மட்டும் யோக்கியமா? வாயில் என் சோற்றோடு இவர் போய்விட்டால் அப்புறம் எந்த வீட்டில் என்னைச் சேர்ப்பார்கள்? நைசாகக் கழன்றுகொள்ளலாம் என்று வாசல் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் குப்பம்மாள் வாயைத் திறந்தாள்.

"செய்யிப்பா. இவருக்கு ஒண்ணுன்னா நான்தான் செய்யச் சொன்னேன்னு சொல்லிக்க. கட்டனவ நானு, பழியும் எனக்கே இருக்கட்டும். டேய் நடராசா, கறிக்கு ஆளனுப்பு."

அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மகன் மறுபேச்சுப் பேசாமல் போனான்.

3. இரண்டு வாய்

வில்லியனூர்க் கறிக்கடை பாய் நல்ல இளங்கறியாகக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த அடுப்படியில் மிளகாய் வறுத்தே இருபத்திரண்டு வருஷம் ஆயிற்றாம். மருமகள்கள் பின்கட்டில் தனி அடுப்பு வைத்திருந்தார்கள். நான் பட்டையும் சோம்பும் தாளித்ததும் களத்தில் இருந்த ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். என் தொழிலில் அன்றைக்கு வைத்த குழம்பு மாதிரி அதற்கு முன்னால் வைத்ததில்லை. பயத்தில் கை அளவு சரியாக விழுந்தது.

தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து இலை போட்டோம். ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

"ருசியே தெரியலடா."

"காரம் கொறச்சிப் போட்டேங்க, அதான்."

"காரத்துல இல்ல. எனக்கு நாக்கே இல்லடா. செத்துப்போச்சி." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத்தினி வருசம் பத்திரமா வெச்சிக்கினு இருந்தேனே, இதுக்குத்தானா?"

வேண்டும் உனக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லக்கூடாது, அப்படித்தான் நினைத்தேன்.

இலையை மனைவி பக்கம் தள்ளி, "நீயாவது துன்னு. வீணாப் போவக்கூடாது" என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் கூச்சமாகத்தான் சாப்பிட்டாள். பிறகு சோற்றைப் பிசைகிற வேகமே மாறிப்போயிற்று. நல்லி எலும்பைத் தரையில் தட்டி உறிஞ்சினாள். கட்டிலில் இருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கறி துன்னுவியா?"

"உங்க அண்ணன் சாவற வரிக்கும் துன்னுக்கினுதான் இருந்தேன். நான் துன்னு நீங்க பாத்ததில்ல."

"அப்பறம் ஏன்டி உட்டுட்ட?"

"நீங்க கஞ்சி குடிக்கறப்போ நான் எப்புடி கறி துன்றது?"

அவர் தலையணையில் சாய்ந்து அசையாமல் கிடந்தார். போய்விட்டாரோ என்று நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

"தண்டபாணி, நாளைக்கி இன்னா செய்வ?"

"உங்களுக்கா?"

"இவளுக்குடா. நான் போயிட்டா இவ இலையில கறி உழுமா?"

விழாது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் தாலியறுத்தவளுக்குக் கறி மீன் கிடையாது, பலகாரம் கிடையாது. ஒருவேளைச் சோறும் தாளிக்காத ரசமும். இந்தச் சட்டம் போட்டவன் எவனுக்கும் கழுத்தில் தாலி இருந்ததில்லை.

"அப்ப நான் இருக்கற வரிக்குந்தான்" என்றார் வையாபுரி.

4. முப்பத்தாறு நாள்

வைத்தியர் பத்து நாள் கொடுத்திருந்தார். அவர் முப்பத்தாறு நாள் இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போய்ச் சமைத்தேன். அவருக்கு அதே கஞ்சிதான். ஆனால் கஞ்சியை இப்போது அவர் குடித்த விதமே வேறு. "சீக்கிரம் மருந்த குடு. நாளைக்கி மீனு கீது" என்பார். சாவுக்குப் பயந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷன், பெண்டாட்டிக்கு இன்னொரு இலை விழவேண்டும் என்று பிடித்துக்கொண்டு கிடந்தார்.

அந்தம்மாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. ஏதாவது செய்யிப்பா என்பாள். ஒரு வாரம் போனபிறகுதான், "எங்கம்மா வூட்ல பாகூர் ஏரி கெளுத்தி வெப்பாங்க" என்று வந்தது. பாகூருக்கு ஆளனுப்பிக் கெளுத்தி கொண்டுவரச் சொல்லிக் குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இது இல்ல. எங்கம்மா மாங்கா போடுவா" என்றாள். கட்டிலில் கிடந்தவர், "தோத்துட்டியா தண்டபாணி" என்று கை தட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மாங்காய் தேடி அலைந்தேன். மாசி மாசத்தில் பிஞ்சு மாங்காய்க்கு மரம் மரமாகப் போய் அண்ணாந்து நின்றவன் நான்.

நடராசன் முணுமுணுத்தான். "ரெண்டு கெழமும் கூத்தடிக்குதுங்க." ஊரும் சும்மா இருக்கவில்லை. புருஷன் சாகக் கிடக்கிறான், பெண்டாட்டி எலும்பு உறிஞ்சுகிறாள் என்று குளத்தங்கரையில் பேச்சு. இப்படிப் பேசிய அத்தனை வாயும் பதினாறாம் நாளுக்குப் பந்தியில் வந்து உட்காரப்போகிற வாய்தான்.

எனக்கு அந்த வீட்டுக்குப் போவது பிடித்திருந்தது. சொன்னால் என்ன? அவ்வளவு சந்தோஷமாக இரண்டு பேரை நான் எந்தக் கல்யாணப் பந்தலிலும் பார்த்ததில்லை. பார்த்துப் பொறாமைகூடப் பட்டேன். அந்த ஆள்மேல் எனக்கு இருந்த ஏளனமும் போகவில்லை. இதைச் செய்ய இருபத்திரண்டு வருஷம் கையில் இருந்ததே, மடையா என்றுதான் கடைசிவரைக்கும் நினைத்தேன்.

முப்பத்தாறாம் நாள் உச்சிவேளை. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோயேன்" என்றார். நான் கரண்டியோடு திரும்புவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. குப்பம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் ஒரு வாய்ச் சோறு இருந்தது. அதை வாயில் போட்டு, மென்று விழுங்கி, கை கழுவிக்கொண்டு வந்தபிறகுதான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்நெஞ்சுக்காரி என்று மருமகள் சொன்னாள். நான் மருமகளை வெளியே போகச் சொன்னேன். வீட்டுக்காரியை வெளியே போகச் சொல்ல நான் யார்? ஆனாலும் சொன்னேன்.

5. உப்பு

கொடுத்த அச்சாரத்தைத் திருப்பி வாங்கினால் அபசகுனம் என்பதால் கருமாதிச் சமையல் எனக்கே வந்தது. நானூறு இலை நானூற்றைம்பது ஆயிற்று. அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று நடராசன் வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். ஊர் சாப்பிட்டு ஏப்பம் விட்டு அவனைப் பாராட்டிவிட்டுப் போயிற்று.

குப்பம்மாள் வெள்ளைப் புடவையோடு பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள். சோறும் ரசமும் வைத்த இலையை நானே கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்தாள்.

"தண்டபாணி."

"அம்மா."

"ரசத்துல உப்பு கம்மி."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "புருசன் பதினாறாம் நாளு, இதுக்கு உப்பு கேக்குது பாரு" என்றாள் ஒருத்தி. குப்பம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஒரு கை உப்பு கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தேன். போட்டுப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

கரண்டி பிடிக்கிற பிள்ளைகளே, பந்தியில் எவராவது உப்பு கம்மி என்று சொன்னால் உங்களுக்கு மூக்குமேல் கோபம் வருகிறது. எனக்கும் வந்துகொண்டிருந்ததுதான். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ படையல் இலை போட்டிருக்கிறேன். ஒரு இலையும் உப்பு கம்மி என்று சொன்னதில்லை. கேட்கிறவர்கள் கேட்கும்போதே கொண்டுபோய் வையுங்கள்.