அக்கா சொன்ன படிக்கட்டு

சட்டைக்குக் காலர் தைப்பவளுக்குப் பதினோரு வருடமாக முதுகுவலி. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அக்கா கூடவே வருவாள். இவள் வாயைத் திறப்பதற்குள், "படியில வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்பாள். ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். அப்படி ஓர் அக்கா கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று தெருவே சொன்னது.

புதிய பிசியோதெரபிஸ்ட் அக்காவை வெளியே உட்காரச் சொன்னாள். "முதுகைத் தொடலாமாம்மா?" என்று கேட்டாள். இதுவரை யாரும் கேட்டதில்லை. தையல்காரி சரியென்று தலையாட்டினாள்; கை பட்டதும் உடம்பு விறைத்தது. பிசியோதெரபிஸ்ட் உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"அவசரமில்ல. நீங்க விழுந்த அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்னு தோணினா மட்டும் சொல்லுங்க."

தையல்காரி மூடிய கதவைப் பார்த்தாள்.

"நான் வழுக்கல. அக்கா புருஷன் தள்ளிவிட்டான். கீழே கிடந்தப்ப அக்கா ஓடிவந்து என் கையைப் பிடிச்சா. பிடிச்சுக்கிட்டு, 'நீ வழுக்கித்தானே விழுந்தே'ன்னு கேட்டா."