நவுரு முறையில் ஓடிய வண்டி

இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த காலம். உளுந்தூர்பேட்டை–கள்ளக்குறிச்சி வண்டியில் நான் கண்டக்டர். ஒருநாள் காலை எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

யார் போய்ப் பேசுவது என்று வண்டிக்குள் ஒரே கூச்சல். ஆளுக்கொரு கட்சி. முன் சீட்டிலிருந்த கலைச்செல்விக்குப் பதினொரு மணிக்குக் கள்ளக்குறிச்சி காலேஜ் ஒன்றில் இன்டர்வியூ. அரசியல் பாடத்தில் எம்.ஏ.

“இதுவும் போச்சுன்னா வூட்ல கட்டிக் குடுத்துடுவாங்கண்ணா” என்றாள். கண் கலங்கியிருந்தது. மடியில் பசிபிக் தீவு நாடுகளைப் பற்றிய நோட்டு.

“அங்கயும் இப்படித்தான் அடிச்சிக்குவாங்களா?” என்று பேச்சை மாற்றினேன்.

“நவுருன்னு ஒரு நாடு. மொத்தமே பதினெட்டு எம்.பி. கட்சின்னு பெருசா ஒண்ணும் கெடையாது. எம்.பி.ங்களே கூடி அவங்கள்ல ஒருத்தரை ஜனாதிபதி ஆக்குவாங்க. சரியில்லன்னா ஓட்டுப் போட்டு எறக்கிடுவாங்க.”

டிக்கெட் கணக்கு எழுதும் இன்வாய்ஸைப் பார்த்தேன். பயணிகள் பதினேழு, டிரைவரை விட்டுவிட்டால் என்னோடு பதினெட்டு. விசில் ஊதினேன். “கட்சிய கீழ வெச்சிட்டு ஒருத்தர சொல்லுங்க!”

சொன்னவன் நானே கோவிந்தசாமியைச் சொல்லித் தொலைத்தேன். கரைவேட்டி, வாய் ஜாஸ்தி. அவர் போய், “எங்க தலைவர்கிட்ட சொன்னா இன்னா ஆவும் தெரியுமா?” என்றார். அவர்கள் இன்னொரு கிளையை இழுத்துப் போட்டார்கள்.

திரும்பி ஏறியதுமே நம்பிக்கையில்லாத் தீர்மானம். அவர் கையைத் தவிர எல்லாக் கையும் தூக்கியாயிற்று. கடைசி சீட்டிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். களை எடுக்கப் போகிறவர்.

“நான் கேட்டுப் பாக்கறங்க.”

எனக்கு நம்பிக்கையில்லை. வேறு ஆளும் இல்லை. கை தூக்கினேன்.

அவர் கலைச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “இன்னாப்பா, புள்ளைங்களுக்கு வேலை வோணும்னுதான குந்திக்கினு கீறீங்க? இதுவும் வேலைக்குத்தான் போய்க்கினு இருக்குது. இத்த நிறுத்தினா எப்படி?”

மரத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்னார்: “வண்டி போவாது. பொண்ணு போவட்டும்.” அவரே டிவிஎஸ் ஐம்பதை எடுத்தார்.

நாங்கள் சாயங்காலம்வரை அங்கேயே கிடந்தோம். அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி போனது.

கலைச்செல்விக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதம் வண்டியில் ஏறியதும் கேட்டாள், “நம்ம ஜனாதிபதி பேரு இன்னாண்ணா?”

தெரியவில்லை. நாலு வருஷமாகத் தினமும் டிக்கெட் கிழித்துக் கொடுத்த எனக்கு வெட்கமாகிவிட்டது. பின்னால் போய்க் கேட்டேன்.

“அஞ்சலைங்க” என்றார்.