எரிச்சலும் வியாதியும்

கண்டக்டர் அக்கா "ரைட்!" என்று குரல் கொடுத்தால் பின்னால் நிற்கும் பேருந்தும் சேர்ந்து கிளம்பிவிடும். அப்படிப்பட்டவர் நடுவில் மனம் உடைந்து, மனநல வார்டில் இரண்டு முறை படுத்து எழுந்தார். கண்டக்டர் வேலை போயிற்று. தேறிய பிறகு வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் அந்தக் கதையை விழுங்கிவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. கடைசியில் அதே வார்டுதான் கூப்பிட்டது. நோயில் விழுந்து மீண்ட ஒருவர் உள்ளே இருப்பவர்களுக்குத் துணையாக வேண்டுமாம். மறைத்து வைத்ததே தகுதியாகிவிட்டது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பெரிய டாக்டர் சொன்னார்.

ஒரே ஒரு சிக்கல். அக்காவுக்கு மனநிலை என்று எதுவும் இருக்கக் கூடாது. உரக்கச் சிரித்தால் தலைமை நர்ஸ் எட்டிப் பார்ப்பார். பேசாமல் இருந்தால் பக்கத்திலேயே வந்து பார்ப்பார். போன வாரம் ஸ்டேப்ளர் மக்கர் செய்தது என்று அதே நர்ஸ் அதைத் தூக்கிச் சுவரில் அடித்தார்; அதற்குப் பெயர் களைப்பு. அக்கா கொட்டாவி விட்டால், "ராத்திரி தூக்கம் எப்படி?" வீட்டில் தங்கையும், "வேலை நிரந்தரமாகற வரைக்கும் வாயைத் தொறக்காதக்கா" என்று பாடம் எடுப்பாள். வாயைத் திறப்பதுதான் வேலையே என்று அவளுக்கு யார் சொல்வது?

மூன்று மாதம் முடிகிற சனிக்கிழமை காலையில் நல்ல மழை. அக்கா தொப்பலாக நனைந்து, முகம் கடுகடுக்க வந்து சேர்ந்தார்.

"அக்கா, படபடப்பா இருக்கீங்களே. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு சிஸ்டர். நனைஞ்சதுக்கு மாத்திரை கிடையாது. ஒரு துண்டு குடுங்க!"

பழைய பேருந்துக் குரல் வந்துவிட்டது. நர்ஸ் துண்டை எடுக்கவில்லை, போனை எடுத்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி அக்கா மூலைக் கட்டிலுக்குப் போனார். அங்கே நோயாளியாக வந்த ஒரு கணக்கு டீச்சர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வந்து இரண்டு வாரமாக யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. சிரித்த முகத்தோடு வருகிற எல்லோருக்கும் முதுகுதான். அக்காவும் தினமும் அளவாகச் சிரித்தபடி தன் கண்டக்டர் காலத்துக் கதைகளைச் சொல்லிப் பார்த்தாயிற்று. இன்று சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தலைமுடியைப் பிழிந்தபடி பொரிந்து தள்ளினார்.

"கை காட்டறேன் டீச்சர், பஸ்காரன் பாத்துட்டே போறான்! போறவன் சும்மா போறானா? குட்டைத் தண்ணி மொத்தத்தையும் என் தலையில ஊத்திட்டுப் போறான்!"

முதுகு பேசியது. "எங்க நின்னீங்க?"

"மருந்துக்கடை வாசல்ல."

"ஸ்டாப் எங்க?"

"அது... கொஞ்சம் தள்ளி. மழை டீச்சர்!"

டீச்சர் மெல்லத் திரும்பினார். "நீங்க கண்டக்டரா இருந்தப்ப ஸ்டாப்புல நிக்காதவங்கள ஏத்தினீங்களா?"

"அது வேற."

"எது வேற?"

"நான் ரூல்ஸ்படி நடந்தேன்!"

"அவன் மட்டும் என்ன பண்ணினான்?"

பெரிய டாக்டர் குடை சொட்டச் சொட்ட ஓடி வந்தபோது இரண்டு பெண்களும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு வாரமாகப் பேசாதவரின் சத்தம்தான் அதிகம்.

"யாருக்காக என்னைக் கூப்பிட்டீங்க சிஸ்டர்?"

அக்காவை நோக்கி நீண்ட நர்ஸின் விரல் பாதி வழியில் நின்றது.

இனி இழக்க என்ன இருக்கிறது என்று அக்காவே பேசினார். "எரிச்சலா இருக்கு டாக்டர். வியாதி இல்ல, எரிச்சல். ரெண்டையும் பாத்தவ நான். வியாதி திரும்பி வந்தா நானே வந்து படுத்துக்கறேன், வழி தெரியும்."

டாக்டர் கட்டில் பக்கம் குனிந்தார். "இவங்க உங்களுக்குத் தொந்தரவா இருக்காங்களா டீச்சர்?"

"ரொம்ப. காது ரெண்டும் வலிக்குது." டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். "ஆனா நாளைக்கும் அனுப்புங்க. தப்பை இன்னும் ஒத்துக்கல."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய தூக்கத்தைப் பற்றி நர்ஸ் கேட்கவில்லை.

"சரிம்மா, வேலை நிரந்தரம். நாளைக்கு வந்து தப்பை ஒத்துக்கோங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை டாக்டர். எனக்கு லீவு."

"பாத்தீங்களா, பயந்துட்டாங்க" என்றார் டீச்சர்.

"யாரு, நானா?" அக்கா நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.