இரண்டு இருபதுக்கு வார்டர் யார்?

அருவருப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் அந்தச் சிறையின் நான்காம் பிளாக்கில் அரைநாள் நின்றால் போதும். வார்டர் அங்கே இருபத்திரண்டு வருடம் நின்றவர். மூக்கு மரத்துப்போய்விட்டது என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வார்.

அன்று தாமதமாக வந்த சாப்பாட்டுத் தட்டைக் கதவுத் துவாரம் வழியாக நீட்டினார். உள்ளே இருந்த கைதி, மக்கில் சேர்த்துவைத்திருந்த மலத்தண்ணீரை அவர் முகத்தில் விசிறினான். வாய்க்குள்ளும் போனது. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்தார். மூன்றாம் நாள் இடது கண் சீழ்பிடித்து மூடிக்கொண்டது. பார்வை திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

டியூட்டியில் பட்ட காயம் என்றால் வைத்தியமும் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் சட்டப்படி உண்டு. தாக்கியவன்மேல் வழக்கும் உண்டு. இல்லையென்றால் ஒற்றைக்கண் வார்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

விசாரணையில் சூப்பிரண்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "ரெண்டு மணிக்கு டியூட்டி முடிஞ்சிருக்கு. கையெழுத்து உங்களுதுதானே? சம்பவம் ரெண்டு இருபதுக்கு."

"ஐயா, மாத்தாள் ஒருநாளும் நேரத்துக்கு வர்றதில்ல. காலையில வரும்போதே போற கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுடுவோம். எல்லாரும் அப்படித்தான். உங்களுக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மணிக்கு மேல நீங்க வெளியாள். வெளியாளுக்கு பிளாக்ல என்ன வேலைன்னு நான்தான் கேக்கணும்." சூப்பிரண்டு பல்லிடுக்கை நோண்டி, விரலைப் பதிவேட்டின் ஓரத்திலேயே துடைத்தார்.

கூட வேலைபார்த்தவர்கள் தங்கள் கையெழுத்தையும் கிளறுவார்களே என்று பயந்து, ஒருவர் விடாமல் "நாங்க பாக்கலீங்க" என்று கைகழுவினார்கள். இவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டதை நினைத்தால் வார்டருக்குக் குமட்டியது.

கடைசியில் கைதியைக் கொண்டுவந்தார்கள். அவன் மழுப்பவேயில்லை. "டியூட்டில இருந்தவர் மேலதான் ஊத்தினேன். யூனிஃபார்ம், சாவிக்கொத்து எல்லாம் இருந்துச்சு. போறவன் வர்றவன் மேல ஊத்த நான் என்ன பைத்தியமா?"

வார்டருக்குப் போன உயிர் திரும்பிவந்தது. தன் வாயில் மலத்தை ஊற்றியவனைக் கும்பிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

சூப்பிரண்டு குமாஸ்தாவிடம் திரும்பினார். "எழுதுப்பா. கைதியின் வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல. வேறு சாட்சி இல்லை."

வெளியே காத்திருந்த மனைவி ஓடிவந்தாள். "என்னங்க எழுதினாங்க? எதிர்த்து எங்கயாவது சொல்ல முடியுமா?"

அடிபட்ட கைதிகள் கொடுத்த ஒவ்வொரு புகாருக்கும் அதே இரண்டு வரியைத் தன் கைப்பட எழுதிக்கொடுத்தவர் வார்டர். அதை எதிர்த்து ஒருவன்கூட ஜெயித்ததில்லை.