தாலி கட்டும் இடத்தில் நின்ற கம்ப்யூட்டர்

1. வேகம் கூட்ட வசதியுள்ள மதர்போர்டு ஒன்றை அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.
2. பிராசசரின் வேகத்தை ஒரு படி ஏற்றினேன். நன்றாக ஓடியது.
3. அவர் கேட்டதால் இன்னொரு படி ஏற்றினேன். அவர் தயாரித்துக்கொண்டிருந்த கல்யாணப் படம் தாலி கட்டும் இடத்தில் உறைந்து நின்றது.

அவர் திருக்கழுக்குன்றத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். நான் செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சீடி காலம் அது. ஒல்லியான மனிதர். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கம்ப்யூட்டர் கேபினட்மேல் அடிக்கடி புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

படம் உறைந்து நின்ற அன்றிரவே அந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கு துபாய் விமானம். அதற்குள் சீடி கைக்குப் போயாக வேண்டும் என்று கம்ப்யூட்டரைக் கடைக்கே தூக்கிவந்திருந்தார்.

"இன்னாம்மா, இப்படிக் கவுத்துட்ட?"

"சூடு தாங்கலண்ணா. முதல் படிக்கே இறக்கிடறேன். கொஞ்சம் மெதுவா போகும், ஆனா நிக்காது."

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடியும். நீங்க உக்காந்து முழுசா போட்டுப் பாக்காம இருந்தா."

"அது எப்படிம்மா? பந்தி வந்தா கல்யாண வூட்டுக்காரங்களே ஓட்டி வுட்டுடுவாங்க. நான் ஒருத்தனாவது முழுசா பாக்க வேணாமா?"

சிரிக்காமல்தான் சொன்னார். இறக்கினேன். படம் எங்கும் நிற்கவில்லை. பந்தியில் கடைசி இலை எடுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் சீடியை உறையில் போட்டார். பிறகு கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மாப்பிள்ளை கிளம்புமுன் கொடுத்துவிட்டதாக மறுநாள் போன் செய்தார்.

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. எனக்கும் கல்யாணமாகி, அதன் சீடி அலமாரியில் இருக்கிறது. இன்னும் அதை முழுதாகப் பார்த்ததில்லை.