ஷார்ட்கட் மாமாவின் வலது கை

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பெயர் ஷார்ட்கட். குறுக்குவழியில் மேலே வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மவுஸைத் தொடாமல், கீபோர்டில் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துத் தட்டியே பாதி வேலையை முடித்துவிடுவார், அதனால் வந்த பெயர். அவர் வெப் டிசைனர். துணிக்கடைக்காரர், பல் டாக்டர், பள்ளிக்கூடம் என்று யார் இணையதளம் கேட்டு வந்தாலும் அது எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பவர் அவர்தான். அவர் வரைந்ததை கோட் எழுதி ஓட வைக்கிறவன் நான். ஆபீசில் பக்கத்து நாற்காலி, வீட்டில் நான் மேல்மாடி, அவர்கள் கீழ்வீடு. காலையில் எழுந்ததிலிருந்து இந்த மனிதரோடுதான் என் பிழைப்பு. எரிச்சல் வராமல் இருக்குமா?

அதுவும் அவருடைய பழக்கங்கள் இருக்கிறதே! மேஜையில் ஒரு சின்ன டைமர் வைத்திருப்பார். அரைமணி ஆவதற்குள் அது கீச்சென்று கத்தும். உடனே பாதி வரைந்த பட்டனை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்று தண்ணீர் குடிப்பார். தலை போகிற வேலையாக இருந்தாலும் அசைய மாட்டார். பட்டன், மெனு, படத்தைச் சுற்றிய கட்டம் எதுவானாலும் ஒரு தடவைதான் வரைவார். அதைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த தளத்துக்கு எடுத்து நிறத்தை மட்டும் மாற்றுவார். 'வண' என்று தட்டினால் போதும், "வணக்கம், நீங்கள் கேட்ட திருத்தங்களைச் செய்துவிட்டேன், பார்த்துச் சொல்லவும்" என்று முழு வரியும் வந்து விழுகிற மாதிரி ஒரு மென்பொருள் வைத்திருந்தார்.

மிச்சக் கடிதங்களை வாயால் சொல்வார், கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் கதியை யோசித்துப் பாருங்கள். "லோகோவைப் பெரிதாக்கச் சொன்னீர்கள் கமா பெரிதாக்கிவிட்டேன் முற்றுப்புள்ளி" என்று நாள் முழுக்கக் காதில் விழும். ஒருநாள் அக்காவிடம் நானே "பசிக்குது முற்றுப்புள்ளி" என்று சொல்லித் தொலைத்தேன்.

எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு வலது மணிக்கட்டு போய்க்கொண்டிருந்தது. மவுஸைப் பிடித்தால் கட்டைவிரலிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீரென்று இழுக்கும். கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போயிருக்கிறார். சில மாதம் கைக்கு முழு ஓய்வு கொடுங்கள், அதற்கும் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன்தான் என்றிருக்கிறார் டாக்டர். டிசைனர் கைக்கு ஓய்வு கொடுத்தால் ஆபீஸ் டிசைனருக்கு ஓய்வு கொடுத்துவிடும் என்று மாமாவுக்குப் பயம். மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். கீழ்வீடு ஓடுவது அவர் ஒருவர் சம்பளத்தில்.

அதனால் மனிதர் வாயைத் திறக்கவில்லை. கைக்கு வேலை வைக்காத கருவிகளாகத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டார். நாங்கள் திறமை என்று வாய் பிளந்தது எல்லாம் வலிக்குப் பயந்து கண்டுபிடித்த வழிகள். அந்த டைமர் கத்துகிற வரைக்கும்தான் அந்தக் கை தாங்கும்.

மவுஸ் இடது பக்கம் போனபோதுகூட நான் கேட்டேன்.

"என்ன மாமா, புதுசா இடது கை?"

"மூளைக்கு நல்லதாம் மாப்ளே. படிச்சேன்."

"இருக்கிற மூளை செய்யறதுக்கே உங்களால வீட்டுல அக்காவுக்குப் பதில் சொல்ல முடியல. இன்னும் வேறயா?"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மேனேஜர் மேடத்துக்கு மாமாவின் வேகம் கண்ணில் பட்டது. நல்ல பெண்மணிதான், ஆனால் எதைப் பார்த்தாலும் அதை எல்லாரும் செய்ய வேண்டும் என்பார். "எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுங்க" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். மாமா தலைவலி என்றார், அவசர வேலை என்றார், ஒன்றும் பலிக்கவில்லை.

கூட்ட அறையின் பெரிய திரையில் மாமா ஒரு செருப்புக்கடைக்கு முகப்புப் பக்கம் செய்து காட்டினார். கீபோர்டில் கை ஓடியது. மெனு வந்து உட்கார்ந்தது, படங்கள் வரிசையில் நின்றன. ஒரே தட்டில் பக்கம் முழுக்க நிறம் மாறியது, இன்னொரு தட்டில் அதே பக்கம் செல்போன் அளவுக்குச் சுருங்கியது. பேனாவை அவர் தொடவே இல்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் மாமா என்று எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, மறைப்பானேன்.

மேடம் எழுந்தார். "பார்த்தீங்கல்ல? அடுத்த மாசத்துல இருந்து எல்லா டிசைனருக்கும் இதுதான் கணக்கு. இந்த வேகத்துல முடிக்கணும்."

பின்வரிசையில் ஒரு டிசைனர் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், சார் நடுவுல நடுவுல எழுந்து போவாரே, அது எங்களுக்கும் உண்டா?"

மேடம் சிரித்தார். "அது சாரோட பழக்கம். அதை விட்டுட்டா இன்னும் சீக்கிரம் முடியுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அந்தப் பெண் மேஜைக்கு அடியில் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். பாராட்டு கிடைத்தாயிற்று, வேலைக்கும் ஆபத்தில்லை.

"மேடம், இன்னும் ஒண்ணு காட்டணும்" என்றார். பேனாவை வலது கையில் எடுத்தார். "ஒரு வட்டம் வரையறேன்."

திரையில் கோடு புறப்பட்டது. கொஞ்ச தூரம் போய் நடுங்கியது. நின்றது, மறுபடி புறப்பட்டு வேறெங்கோ போயிற்று. சுவர் அளவுக்குப் பெரிய திரையில் அந்த நடுக்கம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. எத்தனையோ கடைகளுக்கு லோகோ வரைந்த கை அது.

"இதை மறைக்கத்தான் மத்ததெல்லாம்" என்றார் மாமா. "நான் எழுந்து போறது பழக்கம் இல்ல, வலி. இந்தக் கருவி எல்லாத்தையும் எல்லாரும் கத்துக்கட்டும், நல்லதுதான். ஆனா எழுந்திருக்காம வேலை செஞ்சா என் கை மாதிரிதான் ஆகும். நான் அப்படித்தான் கெடுத்துக்கிட்டேன்."

மேடம் மெதுவாகக் கேட்டார். "ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வேலை இருக்குமான்னு தெரியல, மேடம்."

இருக்கும் என்று உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மேடம் கொஞ்ச நேரம் அந்தக் கோணல் வட்டத்தையே பார்த்தார். "எனக்கும் தெரியல" என்றார். "ஆனா மேலிடத்துல பேசறேன். நான் பேசாம விடமாட்டேன். அந்தக் கணக்கை இப்போ யாரும் எடுத்துக்க வேண்டாம்."

சாயங்காலமே பேசிவிட்டுக் கூப்பிட்டார். மாமா கைக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வரைய வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். நாற்காலி அவருடையதுதான்.

இனி வீடு. மாடிப்படி வாசலில் மாமா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாப்ளே, உங்கக்காகிட்ட நீயே சொல்லிடேன்."

"ஆபீசையே கூட்டி வெச்சு சொன்னீங்க. ஒரு பொண்டாட்டிகிட்ட சொல்ல ஆள் வேணுமா? வாங்க."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா நின்றபடியே சொல்லி முடித்தார். டாக்டர் சொன்னது, மறைத்தது, இன்று நடந்தது எல்லாம். அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எது தெரியும்?"

"ஜாம் பாட்டிலைத் திறக்க முடியாம, எனக்கு இனிப்பு வேண்டாம், சுகர் வந்துரும்னு சொன்னீங்களே. அன்னைக்கே தெரியும். அப்புறம் இந்த வீட்டுல ஒரு மூடியையும் நான் இறுக்கி மூடல."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா இன்னும் பயந்துடுவீங்க."

மாமா சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். உப்பு, சர்க்கரை, பருப்பு, எல்லா மூடியும் விரல் பட்டதுமே சுழன்று கையோடு வந்தது. காப்பித்தூள் காற்றுப் பட்டுக் கட்டியாகிப் போயிருந்தது, அக்கா இத்தனை நாளும் அதைத்தான் உதிர்த்து உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாமா அந்த பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே அழுதார்.