செல்வத்தின் பிரஷர்

பேய், ஆவி எண்டு ஆராவது கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான். கொழும்பு வெள்ளவத்தையில எங்கட பிளாட்டில ஏதோ நிழல் தெரியுது எண்டு பூசை வைச்சவையைப் பாத்து முகத்துக்கு நேர சிரிச்சவள். அதால நீங்கள் நம்பாட்டியும் எனக்குக் கோபம் வராது.

சண்டைக் காலம், ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போற வெள்ளை வான் ஓடின காலம். கொட்டாஞ்சேனையில மலையகத்தில இருந்து வந்த சனம் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகளுக்குப் போய் சுகாதாரக் கணக்கெடுக்கிறது என்ர வேலை. பேப்பர் இல்லை, உள்ளங்கையளவு மெஷின் ஒண்டு, சின்னப் பேனாவால தட்டித் தட்டிப் போகவேணும். ஒரே உலையில சாப்பிடுற எல்லாரையும் பதிஞ்சு, ஒவ்வொருத்தருக்கும் பிரஷர் பாக்கவேணும். அந்த எண்ணைப் போடாமல் அடுத்த கேள்விக்கு விடவே விடாது, சனியன்.

ஆம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் அப்ப அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டுதான் சொல்லுவினம். பேர் எங்க போய்ச் சேருமோ எண்ட பயம். பார்வதியம்மா மட்டும் கேக்க முதலே சொன்னா, "நானும் எம் மகன் செல்வமும், ரெண்டு பேரு மிஸ்." செல்வத்தை பஸ் ஹோல்ட்டில வைச்சு வானில ஏத்திக்கொண்டு போய் மாசக்கணக்காச்சு எண்டு பக்கத்து வீட்டில ஏற்கனவே சொல்லியிருந்தவை.

"அவர் இப்ப இங்க இல்லையேம்மா" எண்டன்.

"அவனுக்கும் சேத்துத்தான் உலை வைக்கிறேன். பேர எடுத்துறாதீங்க மிஸ். நீங்களும் இல்லைனு போட்டா அப்புறம் அவன் எங்கதான் இருக்கான்?"

பதிஞ்சன். அம்மாவுக்குப் பாத்து முடிய, மெஷின் செல்வத்தின்ர பிரஷரைக் கேட்டுது. அவ கொடியில கிடந்த செல்வத்தின்ர நீலச் சேட்டு ஒண்டை எடுத்து மடியில விரிச்சு, "இதுல கட்டுங்க" எண்டா. விசர் வேலைதான், ஆனா எரர் வந்தால் அவவே விட்டிடுவா எண்டு நினைச்சு, வெறும் சேட்டுக் கையில பிரஷர் பாக்கிற கருவியின்ர பட்டியைச் சுத்திப் பட்டனை அமத்தினன்.

நம்பினால் நம்புங்கோ. பட்டி ஊதி இறுகிச்சு. கசங்கித் தட்டையாப் போகவேண்டிய துணி, உள்ளுக்க கை இருக்கிற மாதிரி உருண்டு நிண்டுது. பிறகு நாடி காட்டுற லைட் மினுங்கத் தொடங்கிச்சு, அவ்வளவு வேகமா. பிரஷரும் நாடியும் எண்ணா வந்துது. அதைப் போட்டன், மெஷின் பேசாமல் அடுத்த கேள்விக்குப் போச்சு.

"இருக்கான்தானே மிஸ்?" எண்டா. அழேல்லை. சேட்டை மடிச்சு வைச்சிட்டு எனக்குப் பிளேன்ரீ ஊத்தப் போனா.

பின்னேரம் மெஷினை ஒபிசில குடுத்திட்டு வெளிக்கிட, பதிஞ்சதுகளைப் பாக்கிற டொக்டர் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"செல்வம் எண்ட பெடியன்ர பிரஷர் பயங்கரமா விழுந்து கிடக்கு, நாடி கண்டபடி ஓடுது. எங்கையோ ரத்தம் போய்க்கொண்டிருக்கு. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. ஆள் இப்ப எங்க?"

மகனைத் தேடி பார்வதியம்மா ஏறி இறங்கின ஒரு அரசாங்கக் கந்தோரிலையும் ஒருத்தரும் அக்கறையா அவவிட்டக் கேக்காத கேள்வி. அதுக்குப் பிறகு செல்வம் வரவேயில்லை. ஆனா நான் அந்தப் பட்டனை அமத்தின நேரம் அவர் எங்கையோ உயிரோடதான் இருந்தவர்.